ஈர மணல்

பி.எஸ்ஸி. பிராக்டிகல் தேர்வு முடிந்து, வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினரை சேலம் ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு நான் திரும்பியபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கெமிஸ்ட்ரி ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் ராயப்பன் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். கையில் இரண்டாக மடித்த படிவம் ஒன்று இருந்தது. அதை என்னிடம் நீட்டாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். நான்கு வருஷமாக அங்கே டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்துவந்தேன். பேராசிரியர் 'சில்வர்' என்று வாயெடுத்தால் 'நைட்ரேட்' சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் மேசைக்கு வந்துவிடும். இருநூறு பாட்டிலுக்குக் குறையாது. எல்லாவற்றிலும் லேபிள் இங்கிலீஷில்தான். ஒரு தடவைகூட மாற்றிக் கொடுத்தவரில்லை. நானாவது அவசரத்தில் ஒன்றிரண்டு தடவை மாற்றி எடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் ராயப்பன்தான் பையன்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து, பாட்டிலை வாங்கிக்கொண்டு சரியானதை வைத்துவிட்டுப் போவார்.

"வெளையாட்டுக்குச் சொல்லலீங்க சார். எது எந்த எடத்துல இருக்குதுன்னு தெரியும். மோந்து பாத்தா தெரியும். தூக்கிப் பாத்தா தெரியும். இங்கிலீசு எழுத்து மட்டும் தெரியாதுங்க."

கல்லூரி தொடங்கிய வருஷம், ஆய்வுக்கூடத்துக்குச் செங்கல் சுமக்க வந்தவர் அவர். கட்டடம் முடிந்ததும் பெட்டி பெட்டியாகக் கண்ணாடிச் சாமான்கள் வந்திறங்கின. ஒன்றும் உடையாமல் பிரித்து அடுக்கியவர் என்று அப்போதிருந்த பேராசிரியர் அவரை அங்கேயே அட்டெண்டராக வைத்துக்கொண்டார். எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று அந்தப் பேராசிரியர் ஒரே ஒரு நாள் வாயால் சொல்லியிருக்கிறார். இவர் தன் கைக்கு வாகாக அடுக்கிக்கொண்டார். பன்னிரண்டு வருஷமாக அந்த அடுக்கு மாறவில்லை. பழைய பாட்டில் தீர்ந்தால் புதுப் பாட்டில் அதே இடத்தில் உட்காரும். அவருக்குப் படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அவசியத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் பிரின்சிபால். அந்த வருஷம், அறுபத்தைந்தில், அவருக்குப் பயிற்சி மோகம் பிடித்திருந்தது. வாத்தியார்களைக் கோடை முகாம்களுக்கு அனுப்பினார். ஐம்பத்து மூன்று வயதான ஹெட் கிளார்க் அப்புசாமியைத் தமிழ் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளச் சொன்னார். அப்புசாமி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு, அந்த மிஷினைக் கண்டுபிடித்தவனைத் தினமும் வைது தீர்த்தார். ஊழியர் நலக் குழு என்று ஒன்று ஏற்பட்டது. நோட்டீஸ் போர்டில் வாரம் ஒரு சுற்றறிக்கை ஏறியது. ஆய்வுக்கூட ஊழியர்களுக்கென்றும் சென்னையில் நாற்பது நாள் பயிற்சி வருகிறது, எங்கள் கல்லூரிக்கு ஓர் இடம், முடித்து வந்தால் லேப் அசிஸ்டெண்ட் என்றது ஒரு சுற்றறிக்கை. அதன் கடைசி வரி, பயிற்சி பெறாதவர்கள் இனி ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ளப்பட மாட்டார்கள், தோட்டத்துக்கோ விடுதிக்கோ மாற்றப்படுவார்கள் என்றது.

தோட்ட வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ராயப்பனை ஆய்வுக்கூடத்தில் பார்த்தவர்கள் அவரைத் தோட்டத்தில் நினைத்துப் பார்க்க முடியாது. பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயைக் கழுவி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே ஒரு சொட்டும் ஒட்டாமல் இறங்குகிறதா என்று பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு கர்வம் தெரியும். அவர் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடம். அங்கே மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் அவரை 'காலேஜு ராயப்பன்' என்றுதான் சொல்வார்கள் என்று கேள்வி. விஷத்தையும் மருந்தையும் பேர் படித்து எடுத்துக் கொடுக்கிறவர் என்று அங்கே ஒரு மதிப்பு.

"ஊட்லகூடத் தெரியாதுங்க சார். நான் இங்கிலீசு படிப்பேன்னுதான் அவ நெனச்சிட்டிருக்கா. கல்யாணம் பேசறப்ப எங்க மாமன் அப்படிச் சொல்லிப்போட்டார். அப்பறம் நானும் இல்லீன்னு சொல்லல."

அந்தப் பயிற்சிக்கான படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா என்ற இடத்தில் தெரியும் என்று எழுதினேன். எழுதும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. பயிற்சி ஆகஸ்டில். அதற்குள் இருபத்தாறு எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டால் மெய்யாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். மறுநாளிலிருந்து காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன் மேசைக் கல்லில் சாக்பீஸால் எழுதிப் பழகினோம். நாற்பத்திரண்டு வயதில் குனிந்து நின்று வளைவு வளைவாக எழுதுவார். யாராவது வரும் சத்தம் கேட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். எங்கள் ராசிபுரத்து வீட்டில் தறிக்குழியில் இறங்காமல் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள் என்பதைத் தவிர அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அந்தக் காலை நேரங்களில் தோன்றும்.

பத்துப் பதினைந்து நாள் நடந்திருக்கும். அதற்குள் எனக்குப் பெங்களூர்க் கோடை முகாமுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஆறு வாரம். அமெரிக்கப் பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்துகிறார்கள் என்றார்கள். என்னைவிட ராயப்பனுக்குத்தான் சந்தோஷம். "நீங்க போய்ட்டு வாங்க சார். நான் எழுதிப் பழகிட்டிருக்கறேன்" என்றார். எதைப் பார்த்துப் பழகுவார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மிச்ச எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாவது போயிருக்கலாம். அந்த அவசரத்தில் எனக்கு என் டிரங்குப் பெட்டிதான் பெரிதாக இருந்தது.

பெங்களூரில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வழவழப்பான தாளில் அச்சடித்த கையேடுகள். சுவரில் படம் காட்டிப் பாடம். முகாம் நடந்த இடத்தின் ஆய்வுக்கூடத்தை நான் ஒரு நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பாட்டில்களும் எழுத்து வரிசைப்படி நின்றன. புதிதாக உள்ளே நுழைகிறவன்கூட அரை நிமிஷத்தில் எதையும் எடுக்க முடிய வேண்டும், அதுதான் ஆய்வுக்கூடத்துக்கு அழகு என்றார் அங்கே ஒரு பேராசிரியர். அதை நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். எங்கள் ஆய்வுக்கூடம் ஒரே ஒரு ஆளின் கைக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் மூன்றாவது சனிக்கிழமை ஊர் திரும்பினேன். திங்கட்கிழமை கல்லூரி திறப்பு. ராசிபுரத்தில் பெட்டியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு வந்தேன். ராயப்பன் இல்லை. எருமப்பட்டியில் அவர் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம், இவர்தான் ஞானத்தகப்பன், முந்தின நாள் சாயங்காலமே குடும்பத்தோடு போய்விட்டார் என்று சொல்லி அப்புசாமி சாவியைக் கொடுத்தார். அவர் இல்லாததும் நல்லதற்குத்தான், வந்து பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் ஆசிட் வரிசையில் கை வைத்தேன். ஆள் முழங்கால் உயரம் இருக்கிற பெரிய பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள், எல்லாம் ஒரே கம்பெனிச் சரக்கு, ஒரே அச்சு. ராயப்பன் அதிகம் புழங்குவதை முதலிலும் குறைவாகப் புழங்குவதைக் கடைசியிலுமாக வைத்திருந்தார். சல்ப்யூரிக் முதலில், ஹைட்ரோகுளோரிக் இரண்டாவது, நைட்ரிக் மூன்றாவது, அசிட்டிக் கடைசி. அமோனியா அந்த வரிசையிலேயே இல்லை. தேடினால், தொட்டிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி நிறைய ஈர மணல், அதற்குள் கழுத்து வரை புதைந்து, மேலே ஈரச் சாக்கு சுற்றி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மூடி வைத்த ஒரு தண்ணீர்ப் பானை. எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது. பெங்களூர்க்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

அமோனியா வெயில் காலத்தில் பாட்டிலுக்குள்ளேயே புழுங்கி அழுத்தம் கூடிவிடும், குளிர வைக்காமல் மூடியைத் திறந்தால் பீறிட்டு அடிக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பெங்களூரில் அமோனியாவை வெளியில் வைத்திருந்தார்கள். பெங்களூரின் குளிர்ச்சியில் அது வெளியில் நிற்கும். சேலத்து ஜூன் மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மேற்கு வெயில் அடிக்கிற சுவரோரம் நிற்காது. இத்தனையும் தெரிந்தவன், அந்த மணலைப் பார்த்தபோது அழுக்கை மட்டும் பார்த்தேன். மணலை வாரி வேப்பமரத்தடியில் கொட்டினேன். பானையைத் தூக்கிக்கொண்டுபோய் வராந்தா மூலையில் வைத்தேன். பாட்டிலைத் துடைத்து, புது லேபிள் ஒட்டி, எழுத்து வரிசைப்படி அசிட்டிக்குக்கு அடுத்து இரண்டாவது இடத்தில் நிறுத்தினேன். அதற்குள் சாயங்காலமாகிவிட்டது. மேல் அலமாரிகளைத் திங்கட்கிழமை ராயப்பனையும் வைத்துக்கொண்டு செய்யலாம், எழுத்துப் படித்த மாதிரியும் இருக்கும் என்று கதவைப் பூட்டினேன். மனசு நிறைந்து வீட்டுக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கல்லூரிக்குள் நுழைந்தேன். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் பஸ்ஸில் வந்தேன். பிரின்சிபால் வாசல் போர்ட்டிகோவில் நின்றிருந்தார். "வாங்க பாணி, பெங்களூர் எப்படி இருந்தது?" என்று தோளில் கை போட்டு அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். உள்ளே நாலைந்து பேராசிரியர்கள் இருந்தார்கள். காபி வந்தது. தண்டாயுதபாணி என்கிற டெமான்ஸ்ட்ரேட்டர் பேச, பேராசிரியர்கள் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அரை நிமிஷத்தில் எதையும் எடுக்க முடிய வேண்டும் என்ற வாசகத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் காற்றில் அந்த நெடி வந்தது. மூக்கைத் துளைத்து உச்சிக்கு ஏறுகிற நெடி. பேச்சை நிறுத்திவிட்டு ஓடினேன்.

ராயப்பன் தொட்டியருகே மண்டியிட்டிருந்தார். கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். குழாய் திறந்து கிடந்தது. ஜூன் மாதத்தில் எங்கள் குழாயில் தண்ணீர் ஏது. அவர் தேடியது பானையை. வழக்கம்போல் ஹைட்ரோகுளோரிக் என்று இரண்டாவது பாட்டிலைத் திறந்திருக்கிறார்; அமோனியா பீறிட்டுக் கண்ணில் அடித்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூடின கண்ணோடு மேசைகளுக்கு நடுவே முட்டாமல் மோதாமல் வந்து சேர்ந்திருக்கிறார். பானைதான் அங்கே இல்லை.

"சார், தண்ணி" என்றார். காலடிச் சத்தத்திலேயே நான்தான் என்று கண்டுகொண்டார். நான் வராந்தாவுக்கு ஓடிப் பானையைத் தூக்கி வந்து முகத்தில் ஊற்றினேன். எத்தனை நிமிஷம் கழித்து ஊற்றினேன் என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் நாலு நாள் சிவப்பு மட்டும்தான் இருந்தது, பிழைத்துக்கொண்டார் என்றே நினைத்தோம். பிறகு கருவிழி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஜூலை முதல் வாரத்தில் அவருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது. டாக்டர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள்.

விபத்தைப் பற்றிக் கல்லூரி அமைத்த விசாரணைக் குழு உட்காருவதற்கு முந்தின நாள் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே அவர் மனைவி இன்னாசிமேரி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, காபி வாங்கி வருகிறேன் என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போனார். அவர் போகிற வரைக்கும் காத்திருந்து நான் பேசினேன். பாட்டிலை மாற்றியது நான்தான் என்று நாளைக்குக் குழுவில் சொல்லப் போகிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அழுதேன். ஒரு வாரமாக இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று பழகிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சொல்லாதீங்க சார்."

"ஏன்?"

"நீங்க மாத்தி வச்சேன்னு சொன்னா, லேபிள் ஒட்டியிருந்துதே, இவன் படிச்சுப் பாக்கறதுக்கென்னன்னு கேப்பாங்க. படிக்கத் தெரியாதுன்னு வெளிய வந்துரும். அப்பறம் அந்தப் பாரத்துல தெரியும்னு எழுதுனது ஆருன்னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். வேலை போனாக்கூடப் பரவால்லீங்க." அவர் தலையைத் திருப்பி, மனைவி போன பக்கம் காது கொடுத்துக் கேட்டார். "பதினேழு வருசமா அவகிட்டச் சொன்னது பொய்யாப் போயிரும். கண்ணும் போயி அதுவும் போவோணுங்களா?"

அவரே தொடர்ந்தார். "எழுத்தப் பாக்கோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. கை பழகின எடத்துக்குப் போயிருச்சு. அம்புட்டுத்தான்."

மறுநாள் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் விடுமுறையில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா என்று கேட்டார்கள். புது லேபிள் ஒட்டினேன் என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டார்கள். அவ்வளவுதான். வெளியே வந்தபோது எனக்கு ஏற்பட்டது துக்கமில்லை, நிம்மதி. அவருக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ள அவரே எனக்கு வழி செய்து கொடுத்திருந்தார். அதற்காக நான் அவரை அன்றைக்குக் கொஞ்சம் வெறுக்கவும் செய்தேன். மனுஷன் மனசு அப்படியும் போகிறது. ஊழியரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. இருந்தாலும் கல்லூரி கைவிட்டுவிடவில்லை. நலக் குழு கூடி, இன்னாசிமேரிக்கு விடுதிச் சமையல்கூடத்தில் வேலை கொடுப்பதென்று முடிவு செய்தது. பிரின்சிபால் அதை வாசித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து கவர் ஒன்று வந்தது. ஆய்வுக்கூட ஊழியர் பயிற்சிக்கு ராயப்பன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும் என்று அதில் இருந்தது. அங்கே இருப்பவர்களுக்கு என்ன தெரியும். இடத்தை வீணாக்கக் கூடாது, தாவரவியல் அட்டெண்டர் அம்மாசியை அனுப்பலாம் என்றார் பிரின்சிபால். ஆனால் தேர்வானவர் தன் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் அடுத்தவரை அனுப்ப முடியும். அப்புசாமி தன் புது வித்தையைக் காட்டி, தமிழில் நாலே வரி டைப் அடித்து என்னிடம் கொடுத்தார். 'மேற்படி பயிற்சிக்குச் செல்ல எனக்கு விருப்பமில்லை' என்பது மூன்றாவது வரி.

"கண்ணு தெரியாததால போக முடியலேன்னு போடக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிப் போட்டா மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேப்பான். அது எப்படி ஆச்சுன்னு கேப்பான். விருப்பமில்லைன்னா ஒரு கேள்வியும் இல்லை. நீங்கதான் அவனுக்கு வேண்டியவரு, வாங்கிட்டு வந்துருங்க பாணி."

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இறங்கினேன். பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் உள்ளறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. கோயிலுக்குப் போய் வந்திருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சார் வந்திருக்காரு, தண்ணி கொண்டா" என்றார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு இன்னாசிமேரி சுவரோரம் நின்றார். விடுதி வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்குதுங்க என்றார். பிறகு கொஞ்சமும் குரல் மாறாமல் கேட்டார்.

"ஏனுங்க சார், மணலுக்குள்ள இருந்த பாட்டில மேல எடுத்து வச்சது ஆருங்க?"

நான் வாய் திறப்பதற்குள் ராயப்பன் முந்திக்கொண்டார்.

"நாந்தான்னு சொன்னேனல்ல. வெள்ளிக்கெழமையே எடுத்து வச்சுப்போட்டேன். மறந்துபோச்சு."

"எருமப்பட்டிக்கு பஸ்ஸுல போறப்ப, மூணு நாளைக்குத் தாங்கற மாதிரி மணலுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தேன்னு சொன்னீங்களே."

இன்னாசிமேரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. சொல்லிவிடு என்று எனக்குள் யாரோ நெட்டித் தள்ளினார்கள். நான் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். பயிற்சிக்கு உத்தரவு வந்திருக்கிறது, அது சம்பந்தமாக ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலாகவோ கேட்டது.

"உத்தரவு வந்துருச்சுங்களா?" ராயப்பன் முகத்தைத் தூக்கினார். "என்ற பேருக்கேவா?"

"ஆமாங்க."

"பாத்தியா மேரி, என்ற பேருக்கே வந்திருக்குது." அவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் தேய்த்துக்கொண்டார். பிறகு கேட்டார். "அதுல என்ன எழுதியிருக்குதுங்க சார்? நான் போகலேன்னுங்களா?"

"போக முடியலைன்னு."

"அதத்தானுங்க கேக்கறேன். போக முடியலேன்னு எழுதறது வேற, போக இஷ்டமில்லேன்னு எழுதறது வேறீங்க. இஷ்டமில்லேன்னு மட்டும் எழுத வேண்டாம். நாளைக்கு ஆராச்சும் அந்தக் காயிதத்த எடுத்துப் பாத்தா, ராயப்பனுக்கு ஆசையில்லாமப் போச்சுன்னு நெனப்பாங்க. கண்ணு போயிருச்சு, அதை எழுதிக்குங்க. ஒருக்கா படிங்க சார், கேக்கறேன்."

நான் தாளைப் பிரித்துக் கையில் பிடித்தேன். முதல் இரண்டு வரியையும் இருந்தபடியே படித்தேன். மூன்றாவது வரிக்கு வந்தபோது என் வாய் தானாக மாற்றிச் சொன்னது. 'மேற்படி பயிற்சிக்குச் செல்ல எனக்கு மிகுந்த விருப்பம் இருந்தும், கண் பார்வை இல்லாத காரணத்தால் செல்ல இயலாத நிலையில் இருக்கிறேன்.' நாலாவது வரியில் தேதியும் ஊரும். நல்ல காரியம்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். ஆய்வுக்கூடத்தில் அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் நினைத்தேன் என்பது உடனே ஞாபகம் வந்தது.

ராயப்பன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "மிகுந்த விருப்பம் இருந்தும். நல்லா எழுதியிருக்காங்க." அவர் பெஞ்சின் பக்கவாட்டில் கை நீட்டினார். "மேரி, நீயும் ஒருக்கா படிச்சுப் பாரு. கோயில்ல ஜெபப் புஸ்தகமெல்லாம் படிக்கறவ நீ."

இன்னாசிமேரி என்னிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார். அவருக்குத் தமிழ் படிக்க வரும் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. உதடுகள் மெல்ல அசைந்தன. முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் உதடுகள் நின்றன. அந்த வரி எத்தனை சின்னது என்பது எனக்குத் தெரியும். ஐந்தே சொல். அதற்குள் அவர் வெகு நேரம் நின்றார். வெளியே யாரோ கோழியை விரட்டினார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன மேரி, சரியா இருக்குதா?"

"இருக்குதுங்க. சார் படிச்ச மாதிரியேதான் இருக்குது."

அவர் பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு தட்டைக் கவிழ்த்துப் புருஷன் மடியில் வைத்து, தாளை அதன்மேல் விரித்து, அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வரியின் முடிவில் நிறுத்தினார். "இங்கீங்க" என்றார். ராயப்பன் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் மேலேறிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"மை காயட்டும்" என்று இன்னாசிமேரி தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயில் படுகிற இடத்தில் நின்று, இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டார். ராயப்பன் உள்ளிருந்து, அம்மாசி நல்லவன், அவனைக் கண்ணாடி கழுவறதில் மட்டும் நல்லாப் பார்த்துக்கச் சொல்லுங்க என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று அந்த அம்மாளுக்குப் பின்னால் போய்க் கையை நீட்டினேன். மை எப்போதோ காய்ந்திருக்கும். அவர் திரும்பவில்லை. தாளை வெயிலில் பிடித்தபடி அந்த மூன்றாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய கையோடு அவருக்குப் பின்னால் நின்றேன்.